தாத்தாவின் பதக்கங்களைப் பங்கு பிரிக்காதீர்கள்

பழைய நாணயம், பதக்கம் மதிப்பிடுவது என் தொழில். வேலூர்ப் பக்கத்துப் பட்டாளக் குடும்பங்களில் அடிக்கடி பார்ப்பது இது: கொள்ளுத்தாத்தாவின் நட்சத்திரப் பதக்கம் அண்ணனிடம் இருக்கும், வட்ட வெள்ளிப் பதக்கங்கள் தம்பியிடம். நட்சத்திரத்தைத் திருப்பிக் காட்டி, "பேரே இல்லையே சார், டூப்ளிகேட்டா?" என்பார் அண்ணன்.

பெயர் இல்லை என்பதற்காகவே அது போலி ஆகிவிடாது. இண்டியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற அந்த விருதைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1837இல் இந்தியச் சிப்பாய்களின் வீரத்துக்காக ஏற்படுத்தியது. பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வந்தது 1856இல். அது இந்தியர்களுக்கும் உண்டு என்றானது 1911இல்தான். அதுவரை ஒரு சிப்பாய் எட்டக்கூடிய உச்சம் இதுவே. 1897இல் சாராகரி என்ற எல்லைக் காவல் அரணில் மடிந்த 21 சீக்கிய வீரர்களுக்கும் இதைத்தான் கொடுத்தார்கள். வெறும் அலங்காரமும் இல்லை, இதில் கடைசியான மூன்றாம் வகுப்பு பெற்றவருக்கே சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு கூடுதலாக வரும்.

எட்டு முனை நட்சத்திரம், நடுவில் கருநீல எனாமல், அதன்மேல் குறுக்கு வாள்கள். பின்பக்கம் பெரும்பாலும் வகுப்பு மட்டுமே இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்காது. அந்த வகுப்பிலும் ஒரு சிக்கல். முதலில் மூன்று வகுப்புகள்: தங்க நட்சத்திரம், தங்க இலைவளையம் வைத்த வெள்ளி நட்சத்திரம், முழு வெள்ளி. விக்டோரியா கிராஸ் இந்தியர்களுக்கும் கிடைத்ததும் 1912இல் முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கினார்கள். முதலாம் உலகப்போர்க் காலத்து 'முதல் வகுப்பு' வெள்ளிதான். தங்கம் எங்கே என்று வீட்டுக்குள் சண்டை வேண்டாம்.

சரி, பெயரில்லாத நட்சத்திரம் யாருடையது என்று எப்படிச் சொல்வது? தம்பியிடம் இருக்கும் வட்டப் பதக்கத்தின் விளிம்பில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அதை வைத்து, அவருக்கு விருது கொடுத்த அரசிதழ் அறிவிப்பைத் தேடலாம். தனியாகப் போன நட்சத்திரம் அனாமதேயம். சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையும் அதற்கேற்பத்தான். ரிப்பன், பழைய பென்ஷன் தாள், யூனிஃபார்ம் போட்டோ எல்லாவற்றையும் பதக்கங்களோடு ஒரே பெட்டியில் வையுங்கள். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை புளி போட்டுத் தேய்த்து, விளிம்பெழுத்து மழுங்கிப்போன பதக்கங்கள் என் மேசைக்கு வருகின்றன. எனாமல் பெயர்ந்த இடத்தில் பெயின்ட் அடிப்பதும் உண்டு. லென்ஸில் பார்த்தால் கண்ணாடிப் பளபளப்பு அங்கே மட்டும் இருக்காது.

லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: நூறு ஆண்டு கடந்த பதக்கம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. உள்ளூரில் ஒரு வியாபாரியிடம் கொடுப்பதென்றாலும் தொல்பொருள் உரிமம் வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.