கோபுரம் இல்லாத வலையில் பொதிகள் வழி கண்டுபிடிப்பது எப்படி?

செல்பேசிக் கோபுரமும் வைஃபை ரவுட்டரும் இல்லாத இடத்தில், நகர்ந்துகொண்டே இருக்கும் கருவிகள் தங்களுக்குள் வலை அமைத்துக்கொள்வதை அட்ஹாக் நெட்வொர்க் என்பார்கள். மீட்புப் படையினரின் ரேடியோக்கள், கூட்டமாகப் பறக்கும் ட்ரோன்கள், ஓடும் வண்டிகள் எல்லாம் இதில் அடங்கும். எட்டாத தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி போக வேண்டுமானால், இடையில் உள்ள கருவிகள் வாங்கிக் கடத்த வேண்டும். ஒவ்வொரு கருவியும் ஒரு கணு, ஒவ்வொரு கடத்தலும் ஒரு தாவல்.

இங்கே உண்மையான பற்றாக்குறை காற்றுவெளிதான். ஒரு கணு பேசும்போது சுற்றியுள்ளவை காத்திருக்க வேண்டும். வழி தேடும் செய்திகளும் தரவுப் பொதிகளும் (அனுப்பும் தரவைச் சிறு துண்டுகளாக்கிய கட்டுகள்) அதே அலைவரிசையைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே வழியைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசி வேலையை முடிக்கிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

2003-இல் ஆர்எஃப்சி 3561 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான ஏஓடிவி (AODV) என்ற வழி தேடும் நெறிமுறை, தேவை வரும்வரை வழியைத் தேடுவதே இல்லை. அனுப்ப வேண்டிய கணு ‘இன்னாருக்கு வழி உண்டா?’ என்று ஒரு கோரிக்கையை அண்டைக் கணுக்களுக்கு ஒலிபரப்புகிறது. அதைக் கேட்கும் கணு, யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு மேலே பரப்புகிறது. அதே கோரிக்கை மறுபடி வந்தால் தூக்கி எறிகிறது. இலக்கை அடைந்ததும் பதில், குறித்துவைத்த தடத்தில் பின்னோக்கி வருகிறது. வரும் வழியிலேயே ஒவ்வொரு கணுவிலும் ‘இலக்குக்கு அடுத்த தாவல் இது’ என்ற பதிவு விழுந்துவிடும்.

பழைய தகவலை நம்பிப் பொதிகள் வட்டமடிக்காமல் காப்பது வரிசை எண்: ஒவ்வொரு கணுவும் தனக்கென ஏற்றிக்கொண்டே போகும் எண் இது, பெரிய எண் என்றால் புதிய தகவல். இடைக்கணு தன்னிடம் உள்ள வழியைப் பதிலாகத் தரலாம். ஆனால் அதிலுள்ள இலக்கின் வரிசை எண், கேட்டவர் குறிப்பிட்ட எண்ணைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஒரு கணு மறுதொடக்கம் ஆகித் தன் எண்ணை மறந்துவிட்டால், மற்றவர்களிடம் உள்ள பழைய பதிவுகள் காலாவதியாகும்வரை வாய் திறக்கக் கூடாது. இயல்பான அமைப்பில் இந்தக் காத்திருப்பு 15 வினாடி. சோதனைக்கூடத்தில் ‘ஏன் இது இணைய மாட்டேன் என்கிறது?’ என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

வலை முழுக்கக் கோரிக்கையை அள்ளித் தெளிக்காமலிருக்க, வட்டத்தைச் சிறிது சிறிதாக விரிக்கிறார்கள்: முதலில் 1 தாவல், பிறகு 3, 5, 7, அதற்கும் பதில் இல்லையென்றால் 35. முதல் நான்கு சுற்றுக்கும் காத்திருக்கும் நேரம் முறையே 240, 400, 560, 720 மில்லிவினாடி. கூட்டினால் 1.92 வினாடி. இலக்கு பக்கத்தில் இருந்தால் இது நல்ல சிக்கனம். பத்து தாவல் தள்ளி இருந்தால், நான்கு சுற்றும் வீணாகி, கிட்டத்தட்ட இரண்டு வினாடி கழித்துத்தான் உண்மையான தேடலே தொடங்கும். குரல் அழைப்புக்கு இது தாங்காது.

கேட்டவரெல்லாம் மறுபடி பரப்புவதில் இன்னொரு வீண்செலவும் உண்டு. ஒரு கணு மறுபரப்பு செய்தால் புதிதாக எட்டும் பரப்பு சராசரியாக 41 சதவீதம், மிஞ்சினால் 61 சதவீதம் என்று 1999-இல் கணக்கிட்டார்கள். அதே செய்தியை நான்கு முறை கேட்டுவிட்ட கணு மீண்டும் பரப்பினால் கிடைப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஓஎல்எஸ்ஆர் (OLSR) என்ற இன்னொரு வழி தேடும் நெறிமுறை இதை அழகாகக் கையாள்கிறது: இரண்டு தாவல் தள்ளியுள்ள எல்லாரையும் எட்டப் போதுமான சில அண்டைக் கணுக்களை மட்டும் ஒவ்வொரு கணுவும் தேர்ந்தெடுக்கிறது, அவை மட்டுமே அதன் செய்தியை மேலே பரப்பும். நெருக்கமான வலையில் பெரிய லாபம், ஆட்கள் சிதறிய வலையில் பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்தது, எது நல்ல வழி? தாவல் குறைவானதே நல்லது என்ற பழைய விதி ரேடியோவில் ஏமாற்றும். தாவலைக் குறைக்கப் போனால் நீண்ட, பலவீனமான இணைப்புகளே தேர்வாகும். போதாக்குறைக்கு, வைஃபையில் ஒலிபரப்புச் செய்திகள் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் போவதால் தூரம் எட்டும். அதிவேகத் தரவுப் பொதி அங்கே போய்ச் சேராது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கணுக்கள் ஒலிபரப்பும் ‘வணக்கம்’ செய்தி கேட்கிறது, தரவு விழுகிறது.

2003-இல் வந்த இடிஎக்ஸ் (ETX) அளவுகோல் இதற்கு நல்ல மாற்று. ஒரு பொதி வெற்றிகரமாகப் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று அது கணக்கிடுகிறது. போகும் திசையில் 50 சதவீதமும், ஒப்புகை (‘கிடைத்தது’ என்ற பதில்) திரும்பும் திசையில் 80 சதவீதமும் தேறும் இணைப்புக்கு 1 ÷ (0.5 × 0.8) = 2.5. இரு திசையிலும் 95 சதவீதம் தேறும் இணைப்புக்கு ஏறத்தாழ 1.11, அப்படி இரண்டு தாவல் என்றால் 2.22. இரண்டு தாவல் ஒரு தாவலை வென்றுவிடுகிறது. ஆனால் இந்த விகிதங்களைச் சில வினாடிகள் அளந்துதான் பெற முடியும். வேகமாக நகரும் கணுக்களில் அளந்து முடிப்பதற்குள் நிலைமை மாறிவிடும்.

இணைப்பு அறுந்ததை அறிவதும் அப்படித்தான். வினாடிக்கு ஒரு ‘வணக்கம்’, இரண்டு தவறினால் அறுந்தது என்பது ஏஓடிவியின் இயல்பு அமைப்பு. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒன்றைவிட்டு ஒன்று எதிர்த் திசைகளில் போகும் இரு வண்டிகள் அந்த இரண்டு வினாடியில் 80 மீட்டர் விலகிவிடும். அதற்குள் அனுப்பிய பொதிகள் எல்லாம் போச்சு. ஒப்புகை வராததை ரேடியோ அடுக்கே உடனே சொல்லும்படி அமைத்தால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். இதிலும் ஒரு பொறி உண்டு: நெரிசலால் ஒப்புகை வராவிட்டாலும் ‘அறுந்தது’ என்றே முடிவாகும், புதுத் தேடல் கிளம்பும், அது நெரிசலை இன்னும் கூட்டும். ஆகவே ஒரு பொதி தோற்றதும் வழியை அழிக்காமல், தொடர்ந்து சில பொதிகள் தோற்ற பிறகே அழிக்கும்படி வைப்பது பாதுகாப்பு.