வெளிநாட்டில் டாக்டர் படிப்பு: பணம் கட்டும் முன் மாதங்களை எண்ணுங்கள்

நீட் ரிசல்ட் வந்த மறுவாரம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். கரண்ட் கம்பம் பாக்கியில்லாமல் பேனர் தொங்கும். ஜார்ஜியா, ரஷ்யா, உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான் என்று வரிசையாகக் கொடிகள், நடுவில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய பிள்ளைகள், கீழே ஒரு செல் நம்பர். அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நீட் விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், கல்விக் கடன் என்று வருடம் பூராவும் ஃபாரம் நிரப்புகிற வேலைதான். அந்த ஒரு மாதத்தில் மட்டும் கடைக்கு வருகிறவர்கள் கையில் எல்லாம், வெளிநாட்டில் சீட் வாங்கித் தருகிற கன்சல்டன்சி கொடுத்த வழவழப்பான கலர் புத்தகம் ஒன்று இருக்கும்.

2025-ல் ஏற்காட்டிலிருந்து ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். காபி எஸ்டேட் ஒன்றில் சூப்பர்வைசர். "தம்பி, முன்பணம் கட்டச் சொல்றாங்க, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று புத்தகத்தை நீட்டினார். அட்டையில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை: 'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது'. மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி. படிப்புக் காலம் 5 ஆண்டு. பயிற்சி 1 ஆண்டு, இந்தியாவில். முத்திரையும் தப்பு, அந்த இரண்டு வரிகளும் வில்லங்கம். ஏன் என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் முத்திரை. என்.எம்.சி. என்பது தேசிய மருத்துவ ஆணையம். பழைய எம்.சி.ஐ.-யை (இந்திய மருத்துவ கவுன்சில்) கலைத்துவிட்டு 2020 செப்டம்பரில் வந்தது. இந்த ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அங்கீகரித்த கல்லூரிகள் என்று பட்டியலும் வைத்திருப்பதில்லை. அது செய்திருப்பதெல்லாம், வெளிநாட்டில் படித்து வருகிறவருக்கு இங்கே டாக்டராகப் பதிவு வேண்டுமென்றால் என்னென்ன நிபந்தனை என்று விதி போட்டிருப்பது மட்டும்தான். ஆறு வருடம் கழித்து அந்த விதியை வைத்து உரசிப் பார்ப்பது கல்லூரியை அல்ல, உங்கள் பிள்ளையின் படிப்பை. சரியில்லை என்று ஆனால் கல்லூரிக்கு ஒரு நஷ்டமும் கிடையாது, கன்சல்டன்சிக்காரர் அதற்குள் கடையையே மாற்றியிருப்பார். அதனால் அந்த முத்திரையை எங்கே பார்த்தாலும் புத்தகத்தை மூடிவிடலாம் என்பது என் கட்சி.

விதி எது? வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான உரிம ஒழுங்குமுறைகள், 2021. அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று அரசிதழில் வந்தது. அதற்கு முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழைய விதி. இனி சேர்கிறவர்கள் எல்லோருக்கும் இதுதான். படித்தால் நான்கைந்து பக்கம், ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அது போக 12 மாதம் பயிற்சி, நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் என்கிறோமே, அது. அந்தப் பயிற்சியையும் படித்த அதே வெளிநாட்டு நிறுவனத்திலேயே முடிக்க வேண்டும். பாதி அங்கே, மீதி வேறு நாட்டில் என்பது செல்லாது. இதையெல்லாம் முடித்துத் திரும்பி வந்து, இங்கே ஒரு தேர்வு தேறி, இந்தியாவில் மறுபடியும் 12 மாதம் பயிற்சி. ஆக, பயிற்சி இரண்டு தடவை. அந்தப் புத்தகத்தில் 'பயிற்சி 1 ஆண்டு, இந்தியாவில்' என்று போட்டிருந்தது இதனால்தான் வில்லங்கம். அங்கே செய்ய வேண்டிய வருடத்தை அப்படியே விழுங்கிவிட்டார்கள். படிப்பு முடித்துப் பட்டம் வாங்கி வந்தாலும், அந்த 12 மாதம் இல்லாததால் இங்கே பதிவு நின்றுவிடும்.

கடையில் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அந்தப் பெண்ணையே எழுதச் சொன்னேன். 2025 செப்டம்பரில் சேர்ந்தால் 54 மாதம் முடிவது 2030 பிப்ரவரி. அங்கே பயிற்சி முடிய 2031 பிப்ரவரி. ஜூன் பருவத் தேர்வு எழுதி முதல் தடவையே தேறினாலும், இங்கே பயிற்சி இடம் கிடைத்து முடிக்க 2032-ல் பாதி தாண்டிவிடும். "அப்ப ஏழு வருஷமாங்க?" என்றார் அப்பா. ஆமாம், எல்லாம் நேராக நடந்தால் ஏழு. புத்தகத்தில் இருந்தது ஆறு. 'ஆறு வருடப் படிப்பு' என்று சொல்கிற கல்லூரியாக இருந்தால், அதில் பாடம் எத்தனை மாதம், பயிற்சி எத்தனை மாதம் என்று பிரித்து, கல்லூரியின் லெட்டர்பேடில் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கன்சல்டன்சிக்காரர் அனுப்பும் 'யெஸ் சார்' எழுத்தில் சேர்த்தி இல்லை.

மாதக் கணக்கு இடிக்கிற இடம் இன்னொன்றும் உண்டு. பிலிப்பைன்ஸில் முதலில் பி.எஸ். என்று ஒரு பட்டம், அதற்குப் பிறகு நான்கு வருட எம்.டி. (அங்கே டாக்டர் பட்டத்துக்கே அதுதான் பெயர்). இரண்டையும் கூட்டினால் நிறைய மாதம் வருகிற மாதிரி தெரியும். ஆனால் பி.எஸ். மருத்துவப் படிப்பு அல்ல, அதன் மாதங்கள் கணக்கில் வராது. நான்கு வருடம் என்பது 48 மாதம். 54-க்கு ஆறு குறைகிறது.

மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது விதி. முதல் இரண்டு வருடம் ஆங்கிலம், அப்புறம் உள்ளூர் மொழி என்று நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே சேரவே வேண்டாம். அதற்காக உள்ளூர் மொழி தேவையே இல்லை என்று ஆகிவிடாது. வார்டில் படுத்திருக்கிற ரஷ்யப் பாட்டி வயிற்று வலியை ஆங்கிலத்திலா சொல்லப்போகிறார்? நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பதும் விதிதான். அதனால் அந்த மொழியைப் பேசுகிற அளவுக்காவது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

உரிமம் பற்றிய நிபந்தனையைப் பலர் கண்ணிலேயே படாமல் விட்டுவிடுகிறார்கள். படித்த நாட்டில், அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கிற அதே அளவில் மருத்துவம் பார்க்கும் உரிமம் உங்களுக்கும் கிடைக்கக்கூடிய படிப்பாக அது இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என்றே தனியாக ஒரு பட்டம் போட்டு, 'இதை வைத்து இந்த நாட்டில் தொழில் செய்ய முடியாது' என்று பொடி எழுத்தில் அடித்திருந்தால், இங்கேயும் அது செல்லாது. சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் படிப்பை முடித்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. அப்புறம், பாதியில் வேறு கல்லூரிக்கு மாறக்கூடாது. 2022-ல் உக்ரைன் போரில் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வேறு நாட்டில் படிப்பைத் தொடர அனுமதித்தது அந்த ஒரு தடவைக்கான சலுகை. அதைக் காட்டி 'பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது நீட். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி கட்டாயம் என்பது 2018-லிருந்து இருக்கும் விதி. அதை எதிர்த்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் விதி சரிதான் என்று சொல்லிவிட்டது. 'நீட் இல்லாமலே டாக்டர்' பேனரை இன்னும் பார்க்கிறேன், என்ன தைரியமோ. தகுதி என்பது ரேங்க் அல்ல, பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குக் கீழே என்ற கணக்கு: பொதுப்பிரிவுக்கு 50, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. 2025-ல் அது 720-க்கு 144, 113 என்று வந்தது. 131 எடுத்த பிள்ளை விண்ணப்பத்தில் பொதுப்பிரிவு என்று போட்டிருந்தால் தகுதி இல்லை. ஓ.பி.சி. என்று போட்டிருந்தால் தகுதி உண்டு. நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழே போதும் என்று நினைத்து, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் எடுக்காமல் விட்டுவிட்டு பிறகு தவிக்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது என் கடைக்கு வருகிறார்கள். சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடிச் சமூகத்துப் பிள்ளைகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல) எஸ்.டி.; அந்தச் சான்றிதழ் தாசில்தாரிடம் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரித்துக் கொடுப்பது. நாள் பிடிக்கும். பிளஸ் டூ படிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண் முடிவு வந்த நாளிலிருந்து 3 ஆண்டு செல்லும் என்பதால், 'இந்த வாரமே சேராவிட்டால் சீட் போச்சு' என்ற அவசரத்துக்குக் காரணமே இல்லை.

அந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்குக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். எடப்பாடிக்காரர் முதல்வராக இருந்தபோது வந்த சட்டம் என்று எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் பெருமையாகத் தெரியும். ஆனால் ஏற்காட்டு அரசுப் பள்ளியில் படித்த அந்தப் பெண், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யவே இல்லை.

பணம். இளநிலை மருத்துவம் வெளிநாட்டில் படிக்க அரசு உதவித்தொகை கிடைக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் பி.எச்.டி.-க்கும்தான். கல்விக் கடனுக்கான மத்திய அரசு வட்டி மானியம் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு. ஆகவே கடன்தான். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள். மலையில் இருக்கும் கண்டிஷன் பட்டா நிலத்தை (அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம்) வங்கிகள் தொடத் தயங்கும். கீழே ஓமலூர், வாழப்பாடி பக்கம் வில்லங்கம் இல்லாத மனை இருந்தால் வேலை சுலபம்.

கடன் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று: திருப்பிக் கட்டுவது வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கும். ஆனால் படிப்பு முடிந்த அன்றைக்கு உங்கள் பிள்ளை டாக்டர் இல்லை. தேர்வு, பதிவு, ஹவுஸ் சர்ஜன் என்று இன்னும் ஒன்றரை வருடமாவது இருக்கிறது. முதல் தவணை அப்பா தலையில்தான் விழும். மேனேஜரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, இந்தியப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து அவகாசம் கேட்டுப் பாருங்கள். சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிக்கும், வருமான வரித் தாக்கலில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்தே போகும் பணத்துக்கு அந்தப் பிடித்தம் இல்லை. எப்படி இருந்தாலும் கல்லூரிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டால் 'நம்பிக்கை இல்லையா சார்' என்பார்கள். ஆமாம், இல்லை என்று சொல்லலாம்.

திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வுக்குப் பெயர் எஃப்.எம்.ஜி.இ., வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வு. ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பருவம். 300 கேள்வி, ஒரே நாளில் இரண்டு வேளையாக 150, 150. நெகட்டிவ் மார்க் கிடையாது. 150 எடுத்தால் பாஸ். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் 2024 ஜூன் பருவத்தில் எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். இதற்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு கொண்டுவர 2023-ல் விதி போட்டுத் தள்ளிவைத்தார்கள். எந்தத் தேர்வாக இருந்தாலும் கேள்வி நம் ஊர்ப் பாடத்திட்டத்தில்தான் வரும்.

தேறிய பிறகு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பிறகு இங்கே ஒரு வருடப் பயிற்சி. மருத்துவக் கல்லூரியின் மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரை வெளிநாட்டில் படித்தவர்களை ஹவுஸ் சர்ஜனாக எடுக்கலாம் என்று என்.எம்.சி. 2022-ல் சொன்னது. பயிற்சிக்கென்று கட்டணம் வாங்கக்கூடாது என்றும், இங்கே படித்தவர்களுக்குத் தருகிற அதே உதவித்தொகையைத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. (அரசுப் பள்ளி ஒதுக்கீடு 7.5, கடன் அடமானம் 7.5, இதுவும் 7.5. கடையில் யாராவது 'அந்த ஏழரை' என்றால் எந்த ஏழரை என்று கேட்டுக்கொள்கிறேன்.) 7.5 சதவீதம் என்றால் 100 இடம் உள்ள கல்லூரியில் ஏழு பேர். சேலம் மோகன் குமாரமங்கலம் கல்லூரியிலேயே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வராதீர்கள்; எந்த ஊரில் கிடைத்தாலும் போகத் தயாராக இருங்கள்.

அந்த அப்பா முன்பணம் கட்டவில்லை. மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பாடம் எத்தனை மாதம், பயிற்சி எங்கே, உரிமம் கிடைக்குமா. கல்லூரியிடமிருந்து பதில் வாங்கித் தருவதாகச் சொன்ன கன்சல்டன்சி அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வருடம் உட்கார்ந்து மறுபடி நீட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். படிப்பு நடுவில் பாஸ்போர்ட் தீர்ந்து புதுசு எடுத்தால், பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை மாதம் உண்மையிலேயே அந்த நாட்டில் இருந்தீர்கள், ஆன்லைனில் படித்துவிட்டு வீட்டில் இருந்தீர்களா என்பதை அதில் இருக்கும் குடியேற்ற முத்திரைகளை வைத்துத்தான் பார்ப்பார்கள். பட்டச் சான்றிதழையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமோ, அந்த நாட்டு அரசின் அப்போஸ்டிலோ (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று முத்திரை) வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். இங்கே வந்தபிறகு அதற்காக இன்னொரு டிக்கெட் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.