கரண்ட் போய் வந்தபின் பிரிண்ட் வரவில்லையா?

மார்கழி மழை தொடங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி பிரிண்டரைப் பற்றியதுதான். போன வருடம் ஆரையம்பதியில் டியூஷன் நடத்தும் ஒரு டீச்சர் அழைத்தார். "கரண்ட் வந்ததிலிருந்து உபுண்டுவில் பிரிண்ட் வருதில்ல தம்பி. போனிலிருந்து அடிச்சா வருது. லினக்ஸை அழிச்சுப்போட்டு விண்டோஸ் போடச் சொல்றாங்க." அவருடைய கணினியில் இருப்பது உபுண்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்று. மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வினாத்தாள் கணினிக்குள் இருந்தது.

"ஒன்றையும் அழிக்காதீங்க டீச்சர், வாறேன்" என்றேன்.

போனில் வருகிறது என்று அவர் சொன்னதே பெரிய துப்பு. பிரிண்டரும் வைஃபையும் நல்லாகத்தான் இருக்கின்றன. கணினி தேடும் இடம்தான் பிழை. வைஃபை பிரிண்டருக்கு ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்க உதவும் இலக்கம், கொடுப்பது ரவுட்டர். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர், பிரிண்டர், வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி முகவரி கேட்கும். முன்பு 192.168.1.5 இல் இருந்த பிரிண்டர் 192.168.1.8க்குப் போய்விடலாம். போன் ஒவ்வொரு தடவையும் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடுவதால் கண்டுபிடித்துவிடும். டீச்சரின் கணினியில் யாரோ பழைய இலக்கத்தைக் கையால் அடித்து வைத்திருந்தார்கள். அது இன்னும் 5ஐத்தான் தட்டிக்கொண்டிருந்தது.

பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விபரத் தாளை அடித்துப் பாருங்கள். இப்போதைய முகவரி அதில் இருக்கும். கணினியிலிருந்து அதற்கு ஒரு பிங் கொடுங்கள்; அந்த முகவரியில் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. பதில் வந்தால் பாதை சரி. வராவிட்டால் கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வைஃபையில் இருப்பவை பெரும்பாலும் வீட்டுக் கருவிகளைப் பார்க்க முடியாது.

கணினியில் இருக்கும் பழைய முகவரியை மாற்றிவிட்டால் இன்றைக்குச் சரி. அடுத்த மழைக்கு மறுபடியும் இதே கதை. சிலர் பிரிண்டருக்குள்ளேயே ஒரு நிலையான முகவரியை எழுதிவிடுகிறார்கள். ரவுட்டர் வழமையாகப் பகிர்ந்து கொடுக்கும் இலக்கங்களில் ஒன்றை எழுதினால், அதே இலக்கம் ஒரு நாள் யாருடைய போனுக்காவது போய்விடும். இரண்டும் மோதும்போது பிரிண்ட் வருவதும் வராததுமாக இருக்கும். காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ரவுட்டரில் முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் டிஎச்சிபி பக்கத்தில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள இலக்கம்) ஒரு ஐபியை ஒதுக்கி வைப்பதே நல்ல வழி. பத்து நிமிட வேலைதான்.

பாதை சரியான பிறகும் டீச்சரின் பிரிண்டர் அசையவில்லை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் (CUPS) என்ற மென்பொருள். பிரிண்டர் எட்டாமல் போனால், அமைப்பைப் பொறுத்து, அது வரிசையை நிறுத்தி வைத்துவிடும். பிறகு தானாக எழும்பாது. உலாவியில் localhost:631 என்று அடித்து கப்ஸின் பக்கத்தைத் திறந்து, பிரிண்டரைத் தெரிவு செய்து, ரெஸ்யூம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் காத்திருக்கும் வேலைகளை ரத்துச் செய்யுங்கள். டீச்சர் பதற்றத்தில் 14 தடவை பிரிண்ட் அழுத்தியிருந்தார். கொமினிகேஷன் கடைகளில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். நேற்று வந்தவரின் அடையாள அட்டைப் பிரதி இன்று வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடாது.

அப்புறம், லைட் மட்டும் மினுங்கி, தாள் போடச் சொல்லிக் கேட்டால் தாள் அளவைப் பாருங்கள். அமெரிக்க ஆங்கிலம் தெரிவு செய்து நிறுவிய லினக்ஸ் பல வேளைகளில் அமெரிக்கத் தாளான லெட்டர் அளவை வைத்துக்கொள்ளும். நாங்கள் போடுவதோ ஏ4.

இன்னொன்று. வெளியிலிருந்து பிரிண்ட் கொடுக்கலாம் என்று ரவுட்டரில் கப்ஸ் பயன்படுத்தும் 631 என்ற போர்ட்டை, அதாவது கதவை, இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கப்ஸுடன் வரும், நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்டில் (cups-browsed) 2024 செப்டம்பரில் வெளியான குறைபாடு அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. போலிப் பிரிண்டர் ஒன்றைச் சேர்த்து, நீங்கள் அதில் பிரிண்ட் கொடுக்கும்போது வெளியாளின் கட்டளை உங்கள் கணினியில் ஓட அது இடம் கொடுத்தது. திருத்தம் அப்போதே வந்துவிட்டது. பிரிண்டரைத் திருத்த உட்காரும் நேரத்தில் அப்டேட்டையும் ஓட விடுங்கள்.