பத்து நாளில் தீர்வதும் தீராததும்

கத்திரி வெயிலில் சென்னையே வியர்த்து வழியும்போது, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் ஓர் இளைஞர் என் எதிரில் வந்து அமர்ந்தால், சட்டையை மடித்துவிட்டுக் கையைக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் முழங்கை மடிப்பில் இரத்தக்குழாய் தடித்து இறுகியிருக்கும். அதன்மேல் வரிசையாக ஊசித் தழும்புகள். உடன் வந்த தாய் அதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பார்.

இந்நகரில் இப்படி ஊசியில் ஏற்றப்படுபவற்றுள் ஒன்று டேபென்டடால் என்னும் வலி நிவாரணி மாத்திரை. மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத இம்மருந்து, மார்பின், ஹெராயின் ஆகியவை சேர்ந்த ஓபியாய்டு வகையைச் சார்ந்தது. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கும்போது, அதிலுள்ள டால்க் போன்ற சேர்மானங்கள் கரைவதில்லை. அவை இரத்தத்தோடு இதயத்தைக் கடந்து நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கி, நாளடைவில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்குக் கொண்டுவிடலாம். ஊசி தவறித் தமனியில் இறங்கினால் விரல்கள் கருத்து அழுகக்கூடும். சுத்தமற்ற ஊசி இதய வால்வில் கிருமித் தொற்றைக் கொண்டுவரும். பகிர்ந்த ஊசி எச்.ஐ.வி.யையும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளையும் பரப்பும்.

மூளையில் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் வீட்டார் அதைக் கொழுப்பு என்கிறார்கள், சேர்க்கை சரியில்லை என்கிறார்கள். போதை மருந்து, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளை அளவுக்கு மீறிப் பெருக்குவதால், மூளை தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு வீட்டுச் சாப்பாடும் நண்பர்களோடு ஆடும் கிரிக்கெட்டும் அவருக்குச் சுவைப்பதில்லை. மருந்தால் அடக்கப்பட்டிருந்த நரம்பணுக்கள், அது நின்றதும் ஒருசேரக் கிளர்ந்தெழுவதால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாக வந்து வாட்டும். அந்த நிலையில் அவர் ஊசி போடுவது இன்பத்துக்காக அன்று, எழுந்து நடமாடுவதற்காகத்தான்.

இவ்வேதனை ஒரு வாரம், பத்து நாளில் பெரிதும் தணிந்துவிடும். “நன்றாகத் தேறிவிட்டான் டாக்டர், கூட்டிக்கொண்டு போகிறோம்” என்று பெற்றோர் சொல்வது அப்போதுதான். எனக்கு மிகுந்த அச்சம் தருவதும் அந்த நாள்தான். உடல் பழகிக்கொண்டிருந்த தாங்குதிறன் அதற்குள் குறைந்திருக்கும். ஆனால் பழைய தெருமுனையையோ பழைய நண்பனையோ கண்டதும் எழும் வேட்கை மாதக்கணக்கில் குறையாது. வேட்கைக்கு இணங்கிப் பழைய அளவையே மீண்டும் ஏற்றினால், மூளைத்தண்டிலுள்ள சுவாச மையம் அதைத் தாங்காமல் மூச்சு நின்றுபோகலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பியும் எழாமல் குறட்டை போன்ற ஒலி கேட்டால், தூங்கட்டும் என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். நலோக்சோன் என்னும் முறிமருந்து மூச்சை மீட்கும். அது நேரத்தில் கிடைக்க வேண்டும்.

ஆகவேதான் நாக்கின் அடியில் வைக்கும், ஓபியாய்டு வகையையே சார்ந்த புப்ரெனார்பின் மாத்திரையை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தருகிறோம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கோபப்படும் தந்தையரிடம் நான் பொறுமையாகச் சொல்வது இதுதான்: இம்மருந்து, மூளையில் போதை மருந்து ஒட்டிக்கொள்ளும் அதே இடங்களில், அதாவது ஏற்பிகளில், அமர்ந்தாலும் அவற்றை ஓரளவே தூண்டுகிறது, நெடுநேரம் நிலைத்து வேட்கையை அடக்குகிறது, உங்கள் மகனை வேலைக்குப் போக விடுகிறது.

வெளியில் தெரிந்துவிடும் என்று தயங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அது தருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தை நாடலாம். டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் பேசலாம். வரும்போது கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய மருந்து உடலில் மிஞ்சியிருக்கும்போது புப்ரெனார்பின் கொடுத்தால் வேதனை திடீரென்று மூண்டுவிடும் என்பதால், முதல் மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதை அந்த மணிக்கணக்கையும் பார்த்தே நாங்கள் முடிவு செய்கிறோம்.