பெரிய தொட்டியில் ஈஸ்ட் படும் பாடு

வேலூர், குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார்கள். வார இறுதியில் காட்பாடியில் வந்து இறங்குபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சம்பளம், வாடகை, போக்குவரத்து நெரிசல் எல்லாம் முடிந்த பிறகு பீருக்கு வந்து நிற்பார்கள். கடைப் பாட்டில் பீர் அல்ல. உணவகத்துக்குள்ளேயே செப்புக் கொப்பரையும் எஃகுத் தொட்டியும் வைத்துத் தயாரிக்கும் கிராஃப்ட் பீர். 2010ஐ ஒட்டி அங்கே வேர்பிடித்த இந்தப் பழக்கத்துக்கு இப்போது தீவிர ரசிகர்கள் உண்டு. எந்த ஹாப்ஸ், எந்த மால்ட், எந்த மாதத்தில் எது நன்றாக இருந்தது என்று புள்ளிவிவரத்தோடு பேசுவார்கள். கடைசியில் ஒரு புகாரும் வரும்: “முதலில் இருந்த சுவை இப்போது இல்லை அண்ணா. பெரிய ஆலை கட்டினார்கள், அதோடு போய்விட்டது. எல்லாம் காசு ஆசை.”

காசு ஆசையால் மால்ட்டைக் குறைத்து அரிசியைக் கூட்டியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட், தயாரிப்பவரும் அதே ஆள் என்று வைத்துக்கொண்டு தொட்டியை மட்டும் பெரிதாக்கினாலும் சுவை மாறும். குற்றவாளி கணக்குப் பிள்ளை அல்ல, இயற்பியல். எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியும் அதுதான்.

முதலில் செய்முறை. முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்துக்குள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் ஒரு நொதி சுறுசுறுப்பாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரையைத் தருகிறது. 70 டிகிரியை ஒட்டினால் இன்னொரு நொதியின் கை ஓங்கி, ஈஸ்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைகள் மிஞ்சுகின்றன, பீர் கனமாக இருக்கும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் குணமே மாறிவிடுகிறது. பிறகு இந்தச் சர்க்கரைச் சாற்றை வடிகட்டி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் நொதித்தல் தொடங்கும். சர்க்கரை சாராயமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும்.

சாராயத்தையும் வாயுவையும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மூன்றாவதாக ஒன்று வெளிவருவதைத்தான் மறந்துவிடுகிறோம். வெப்பம்! ஈஸ்ட் ஒரு கிலோ சர்க்கரையைத் தின்று முடிக்கும்போது ஏறக்குறைய 590 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சர்க்கரைச் சத்துள்ள சாதாரணச் சாற்றில், வெப்பம் வெளியேற வழியே இல்லை என்றால், நொதித்தல் முடிவதற்குள் சாறு 10 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். வீட்டு அளவிலான 20 லிட்டர் பாத்திரத்தில் இது தெரியவே தெரியாது. உண்டாகும் வெப்பம் பாத்திரத்தின் சுவர் வழியாக உடனுக்குடன் அறைக்குள் போய்விடும். 2,000 லிட்டர் தொட்டியில் கதை வேறு. கொள்ளளவு 100 மடங்கு கூடுகிறது, தொட்டியின் மேற்பரப்போ, வடிவம் மாறாமல் இருந்தால், சுமார் 21 மடங்குதான் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர்ப்பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வீட்டுக் குண்டானில் ஒரு கிலோ அரிசி பிரியாணி, இறக்கிய அரை மணியில் ஆறத் தொடங்கும். கல்யாண வீட்டுப் பெரிய தேக்‌ஷாவை அடுப்பிலிருந்து இறக்கினாலும் உள்ளே மணிக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும், அதனால் பிரியாணி மாஸ்டர் அரிசியை முன்கூட்டியே, பதம் கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே தம்முக்குப் போடுவார். ஒரு கிலோவுக்கான கணக்கை ஐம்பதால் பெருக்குபவரை எந்த மாஸ்டரும் அடுப்படிக்குள் விடமாட்டார்.

பீரில் இந்தச் சிக்கிய வெப்பம் செய்யும் சேதம் நாக்கில் தெரியும். ஏல் வகை ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும், லேகர் வகைக்கு 8 முதல் 12 டிகிரி. அதற்கு மேலே போனால் ஈஸ்ட் அவசரப்படும். சாராயமான எத்தனாலோடு சேர்த்து, தொண்டையில் காந்தும் கனமான ஆல்கஹால்களையும், எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்களைப் பெயிண்ட் கரைப்பான் மாதிரி மணக்கும் அளவுக்கும் உண்டாக்கிவிடும். ஆகவே பெரிய தொட்டிகளுக்கு இரட்டைச் சுவர் அமைத்து, நடுவே கிளைக்கால் (glycol) என்ற, நீரை உறையவிடாத வேதிப்பொருள் கலந்து குளிரூட்டிய நீரைச் சுற்றவிடுகிறார்கள். வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் குளிர்ச் சாதனம் இழுக்கும் மின்சாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆற்றலுக்கான அலகு ஜூலுக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் ஆலைக்காரர் ஒருவரின் மகன், தானும் அந்தத் தொழிலைப் பார்த்தவர். ஒரு டிகிரியின் சிறு பின்னத்தைக்கூட அளந்து பார்க்கும் பிடிவாதம் அவருக்கு இருந்தது எனக்கு வியப்பாகவே இல்லை.

குளிரூட்டியாயிற்று, வெப்பம் கட்டுக்குள் வந்தாயிற்று. இப்போதாவது சுவை பழையபடி வருமா? வராது. அடுத்த ஆள் அழுத்தம்.

பெரிய ஆலைகளின் தொட்டிகள் அகலத்தில் வளர்வதில்லை, உயரத்தில் வளர்கின்றன. அடியில் கூம்பும் மேலே உருளையுமாக நிற்கும் எஃகுத் தொட்டி இடத்தை மிச்சப்படுத்தும், ஈஸ்டும் கூம்புக்குள் படிந்து எளிதில் எடுக்க வரும். ஆனால் பத்து மீட்டர் உயரத்துக்குத் திரவம் நின்றால், அடியில் வாழும் ஈஸ்ட் செல் மீது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் உட்காரும். அழுத்தம் கூடினால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகக் கரைந்து நிற்கும். அது ஈஸ்டின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது, எஸ்டர் உற்பத்தியையும் குறைக்கிறது. வாழைப்பழம், பேரிக்காய் போன்ற பழவாசனைகள் பீருக்கு வருவது இந்த எஸ்டர்களால்தான். குட்டைத் தொட்டியில் பழக்கூடையாக மணந்த பீர், நெட்டைத் தொட்டியில் சுத்தமாக, மொட்டையாக வருவதன் ரகசியம் இதுதான். லேகருக்கு இது நல்லதே, அதற்குச் சுத்தமான சுவைதான் வேண்டும். கோதுமை பீருக்கு இது கேடு. ஜெர்மனியில் கோதுமை பீர் தயாரிப்பவர்களில் சிலர் இன்றும் ஆழம் குறைந்த திறந்த தொட்டிகளை விடாமல் வைத்திருப்பதைப் பழைமைப்பித்து என்று தள்ளிவிட முடியாது.

“தண்ணீராகிவிட்டது” என்று நம் பிள்ளைகள் சொல்வதில் பெரும்பகுதி இந்த எஸ்டர் இழப்பாக இருக்கலாம் என்பது என் ஊகம். தண்ணீரை யாரும் கூட்டியிருக்க வேண்டியதில்லை.

ஹாப்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் வடிவம் மாறிக் கசப்பைத் தருகின்றன. மணம் தரும் எண்ணெய்களோ கொதித்தால் ஆவியாகிவிடும். அதனால் கசப்புக்கு வேண்டிய ஹாப்ஸைத் தொடக்கத்திலும், மணத்துக்கு வேண்டியதைக் கடைசி ஐந்து நிமிடத்திலும் போடுவார்கள். சிறு பாத்திரத்தில் அடுப்பை அணைத்துக் குளிர்ச் சுருளை இறக்கினால் சீக்கிரமே ஆறிவிடும். பெரிய கொப்பரையில் கொதி நின்ற பிறகும் சாற்றைச் சுழற்றிக் கசடை நடுவில் படியவைக்க வேண்டும், பிறகு குழாய் வழியாகக் குளிர்விப்பானுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சாறு 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கசப்பு உருவாகிக்கொண்டேதான் இருக்கும். மணத்துக்காகப் போட்ட ஹாப்ஸ் கசப்பாக மாறிவிடுகிறது! போதாக்குறைக்கு, சூடாக இருந்தும் கொதிக்காத சாற்றில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் சேர்கிறது. கொதிக்கும்போது ஆவியோடு போய்விடும் அது, இப்போது வெளியேற வழியின்றித் தங்கி, வேகவைத்த மக்காச்சோள வாசனையைப் பீருக்குள் ஏற்றிவிடும்.

ஊர் மாறினாலும் கணக்கு மாறும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேலூர் அவ்வளவு உயரம் இல்லை, 99ஐத் தாண்டியே கொதிக்கும். அதே குறிப்பு, அதே ஹாப்ஸ், அதே ஒரு மணி நேரம் என்று இரண்டு ஊரிலும் காய்ச்சினால் வேலூர்க் கொப்பரையில் கசப்பு சற்று அதிகமாக இறங்கும்.

ஆக, வளர்ந்த ஆலை செய்ய வேண்டியது பழைய குறிப்பைப் பெருக்குவது அல்ல, பழைய சுவைக்குப் புதிய குறிப்பு கண்டுபிடிப்பது. வெப்பநிலை, சாற்றில் கரைக்கும் காற்று, ஹாப்ஸ் போடும் நேரம் என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி, பிடிக்காத தொட்டியைச் சாக்கடையில் கொட்டி, மறுபடி தொடங்க வேண்டும். அமெரிக்காவின் சியரா நெவாடா நிறுவனம் 1980இல் தன் பேல் ஏல் பீரை ஒரே சுவையில் வரவைப்பதற்கு முன் பல தொட்டிகளைக் கொட்டியது. இருபது லிட்டரைக் கொட்டுவது வருத்தம், இரண்டாயிரம் லிட்டரைக் கொட்டுவது கடன்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியதில் அறிவியலுக்கே லாபம் கிடைத்திருக்கிறது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கிக் காட்டினார். காட்டு ஈஸ்ட் கலந்து தொட்டி தொட்டியாகப் பீர் கெட்டுப்போன தொல்லையிலிருந்து பிறந்த வேலை அது. அதே ஆய்வகத்தில்தான் சோரன்சன் 1909இல் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்தார். டப்ளினின் கின்னஸ் ஆலையில் வில்லியம் கோசெட் என்பவருக்கு வேறு கவலை: கைவசம் இருக்கும் நாலைந்து மாதிரிகளை வைத்துக்கொண்டு, பார்லி நல்லதா, இந்தத் தொட்டி போன தொட்டியைப் போல இருக்கிறதா என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அவர் 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட விடையைத்தான் இன்று சி.எம்.சி. மருத்துவ மாணவர்களும் வி.ஐ.டி. பொறியியல் மாணவர்களும் ‘ஸ்டூடண்ட் டி-சோதனை’ என்று படிக்கிறார்கள்.

பணத்துக்கு வருவோம். தொட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதில்லை, படிப்படியாகத் தாவுகின்றன. ஆயிரம் லிட்டர் போதவில்லை என்றால் அடுத்தது இரண்டாயிரமோ ஐயாயிரமோதான். பெரிய தொட்டியை அரைகுறையாக நிரப்பிக் காலம் தள்ளவும் வழியில்லை, குளிரூட்டும் செலவும் கழுவும் செலவும் குறையாது, மேலே நிற்கும் காற்று வேறு பீரைக் கெடுக்கும். எனவே கடன் வாங்கி வளர்ந்தவர் அன்றிலிருந்தே இரு மடங்கு விற்றாக வேண்டும். வளராமல் இருப்பதும் பாதுகாப்பல்ல. கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் 1976இல் தொடங்கிய நியூ ஆல்பியன், அமெரிக்க கிராஃப்ட் பீருக்கே வழிகாட்டிய ஆலை. அது லாபம் தரும் அளவுக்கு வளரக் கடன் கிடைக்காமல் 1982இல் மூடப்பட்டது. நேரெதிர்க் கதை சான் டியாகோவின் கிரீன் ஃப்ளாஷ். நாட்டின் மறுகரையில் வர்ஜீனியா பீச்சில் 2016இல் இரண்டாவது ஆலை கட்டி, எதிர்பார்த்த விற்பனை இல்லாமல் 2018இல் அதை மூடி, முதல் ஆலையையும் கடன்காரர்களிடம் இழந்தது.

நம் நாட்டில் இதற்கு மேல் ஒரு சிக்கல், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு கலால் சட்டம். 2015இல் வந்த பீரா 91 என்ற இந்திய பீர் பிராண்ட் வேகமாக வளர்ந்தது. அதன் தாய் நிறுவனத்தின் பெயரில் இருந்த ‘பிரைவேட்’ என்ற சொல் நீக்கப்பட்டதும், மாநிலங்களில் லேபிள்களைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதாகி, மாதக்கணக்கில் விற்பனை தடைப்பட்டது. 2023-24 நிதியாண்டில் நஷ்டம் சுமார் 748 கோடி ரூபாய்.

இரு மடங்கு விற்க வேண்டுமானால் தூர ஊர்களுக்கு அனுப்ப வேண்டும், அங்கே காத்திருக்கிறது ஆக்சிஜன். பாட்டிலுக்குள் துளி அளவு ஆக்சிஜன் புகுந்தாலும் ஹாப்ஸ் மணம் மங்கி, ஈர அட்டைப்பெட்டி வாசனை எழும். சூடு அந்த வேதிவினையைத் துரிதப்படுத்துகிறது. பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. சுமார் 32 டிகிரியில் 3 நாளில் ஏற்படும் முதுமை, 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும் ஏற்படும். பெங்களூருவிலிருந்து வேலூர் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் கோடையில் குளிர்வசதி இல்லாத லாரி நெடுஞ்சாலையில் நின்று நின்று வந்து, சரக்கும் கிடங்கில் இரண்டு நாள் கிடந்தால் அந்தப் பீர் கிழடாகித்தான் இறங்கும். சூடுபடுத்திக் கிருமி நீக்கலாம், நுண்வடிகட்டலாம். கெட்டுப்போகாது, ஆனால் எதற்காக ரசிகர்கள் தேடி வந்தார்களோ அதில் ஒரு பங்கு போய்விடும்.

வட ஆற்காட்டுக்காரனாக எனக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது: கழிவு எங்கே போகும்? ஒரு லிட்டர் பீருக்குச் சிறந்த பெரிய ஆலைகளே இரண்டரை மூன்று லிட்டர் தண்ணீர் செலவிடுகின்றன, சிறியவை இன்னும் கூடுதலாக. அதில் பெரும்பகுதி சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த கழிவுநீராக வெளியே வரும். அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், வீட்டுச் சாக்கடைக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு. ஏரியிலோ ஆற்றிலோ விட்டால் மீனுக்கு மூச்சு இருக்காது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டில் பிறந்த வழக்கில்தான், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் மனு மீது, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாகவே அறிவித்தது. பீர்க் கழிவில் தோல் கழிவைப் போலக் குரோமியம் கிடையாது, உயிர்ப்பொருள்தான், ஆகவே சுத்திகரிப்பது எளிது. எளிது என்றால் இலவசம் அல்ல.

நூறு லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். வாரம் ஒருமுறை காய்ச்சினால் பக்கத்து மாட்டுக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துப்போவார். தினமும் ஐயாயிரம் லிட்டர் என்றால் தினமும் ஒரு டன் சக்கை. நம் வெயிலில் ஓரிரு நாளில் புளித்து நாறும், எடுத்துப்போக வாகனமும் ஆளும் தேவை. கழிவுநீரைக் காற்றில்லாத கலனில் நொதிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும், அதைக் கொதிகலனிலேயே எரித்து அடுத்த தொட்டிச் சாற்றைக் கொதிக்கவைக்கலாம். உலகின் பெரிய ஆலைகள் பல இதைச் செய்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய அளவு கைகொடுக்கிறது. உணவகத்தின் பின்கட்டில் ஆயிரம் லிட்டர் காய்ச்சுபவருக்கு அந்தக் கலன் கட்டுப்படியாகாது, அவர் கழிவுநீர் லாரிக்குத்தான் பணம் கட்டியாக வேண்டும்.