பள்ளியின் மதிப்பெண்ணும் பிள்ளையின் வாசிப்பும்

அமெரிக்காவில் வீடு வாங்க முனையும் தமிழ்க் குடும்பங்களில் பல, சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, அந்த முகவரிக்குரிய பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துவிடுகின்றன. எட்டோ ஒன்பதோ இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) தொடக்கப் பள்ளியில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிறு குழுக்களாகப் பயிற்சி தரும் ஆசிரியர் நான். அந்த எண் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் குடும்பங்களின் வருமானத்தையே காட்டுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் அங்கே எப்படிக் கற்பிக்கப்படுகின்றன என்பதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நல்ல மதிப்பெண் பெற்ற பள்ளிகளிலும், மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

2024-இல் நடந்த தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டில், நான்காம் வகுப்பு மாணவர்களில் 40 சதவீதம் பேர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. எட்டாம் வகுப்பில் இது 33 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததைப் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். 2019-இலேயே நான்காம் வகுப்பில் 34 சதவீதம் பேர் அந்த நிலைக்குக் கீழேதான் இருந்தார்கள். பெருந்தொற்று இன்னொரு சிக்கலையும் சேர்த்துவிட்டுப் போனது: பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிடும் மாணவர்களின் விகிதம், 2018-19-இல் இருந்த சுமார் 15 சதவீதத்திலிருந்து 2021-22-இல் சுமார் 28 சதவீதமாக உயர்ந்தது. வகுப்பில் இல்லாத பிள்ளையை எந்தச் சீர்திருத்தமும் எட்டாது.

இந்த நாட்டின் பள்ளி அமைப்பு நம்மவர்களுக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு பள்ளி வாரியம் உண்டு. வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் அன்றாட நிர்வாகத்தை நடத்துகிறார். செலவில் கூட்டரசின், அதாவது நடுவண் அரசின், பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மீதியை மாநில அரசும் உள்ளூர் நிதியும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சுமக்கின்றன, உள்ளூர் நிதியில் பெரும்பகுதி வீட்டுக்கும் நிலத்துக்கும் விதிக்கப்படும் சொத்து வரி. வீட்டின் விலை உயர்ந்த ஊரில் பள்ளிக்குப் பணம் எளிதாகச் சேர்கிறது. விலை தாழ்ந்த ஊரில் கூடுதல் விகிதத்தில் வரி கட்டினாலும் சேர்வதில்லை. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் மாவட்டத்துப் பெற்றோர் 1968-இல் தொடுத்த வழக்கு இதைத்தான் கேள்வி கேட்டது. அன்று எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 356 டாலர். அதே நகரின் செல்வச் செழிப்புள்ள ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். வரி விகிதமோ எட்ஜ்வுட்டில்தான் அதிகம். 1973-இல் உச்ச நீதிமன்றம், கல்வி கூட்டரசு அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமை ஆகாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இத்தகைய வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தன; நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதியும் கிடைத்தது. ஆனாலும் மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள இடைவெளி இன்றும் மறையவில்லை.

பணம் போதவில்லை என்பது உண்மை. பணம் வந்த இடத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதும் உண்மை. 2010-இல் மார்க் ஸக்கர்பெர்க், நியூ ஜெர்சியின் நெவார்க் நகரப் பள்ளிகளுக்கு 100 மில்லியன் டாலர் அறிவித்தார். ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும் மேயர் கோரி புக்கரும் அருகில் அமர்ந்திருக்க, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளியான அறிவிப்பு அது. நெவார்க்கின் பெற்றோர்களும் ஆசிரியர்களும் நாட்டு மக்களோடு சேர்ந்துதான் அதைத் தெரிந்துகொண்டார்கள். ஈடான நன்கொடைகளும் சேர்ந்து 200 மில்லியனாக வளர்ந்த அந்தத் தொகையில் 20 மில்லியனுக்கும் மேல் ஆலோசகர்களுக்குப் போனது. சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டதாக ஆய்வு சொன்னது. கணிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஹியூஸ்டனில் 2023-இல் மாநில அரசே மாவட்டத்தைக் கையிலெடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை விலக்கிவைத்து, மைக் மைல்ஸ் என்பவரைக் கண்காணிப்பாளராக அமர்த்தியது. மாநிலத் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. அதே வேளையில் ஆசிரியர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். பல பள்ளிகளில் நூலகங்கள் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டன. கட்டடங்களைச் செப்பனிட 2024 நவம்பரில் கோரப்பட்ட 4.4 பில்லியன் டாலர் கடன் பத்திரத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். மக்களை ஓரம்கட்டிவிட்டுச் செய்யும் மாற்றத்துக்கு அந்த மக்களிடமே பணம் கேட்டு நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வாக்கெடுப்பு காட்டியது.

2002-இல் கையெழுத்தான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டமோ, 2014-க்குள் எல்லா மாணவர்களும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி நிலையை எட்டிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு வைத்து, பின்தங்கிய பள்ளிகளின் மேல் நடவடிக்கை எடுத்தது. இனவாரியாகவும் வருமானவாரியாகவும் மதிப்பெண்களை வெளியிட வைத்ததால், அதுவரை சராசரிக்குள் மறைந்து கிடந்த பிள்ளைகள் கணக்கில் தெரிய வந்தார்கள். அதற்காக அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளப்பது கற்பிப்பதாகிவிடாது. கெடு நிறைவேறாமலேயே 2015-இல் வேறு சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

வாரியம், நிதி, தேர்வு, நிர்வாகம் என்று மேலிருந்து வந்த மாற்றங்கள் பலவும், ஆசிரியரும் பிள்ளையும் ஒரு பக்கத்தைப் பார்த்து உட்காரும் அந்த இருபது நிமிடத்தைத் தொடவே இல்லை. அந்த இருபது நிமிடத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படக்கதை வாசிக்கிறது. படத்தில் சின்னக் குதிரை. அச்சில் இருப்பது ‘போனி’ என்ற சொல். பிள்ளை ‘ஹார்ஸ்’ என்று வாசிக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கோலோச்சிய முறைப்படி இது நல்ல வாசிப்பு: பொருள் கெடவில்லை, பிள்ளை படத்தைத் துணைகொண்டு ஊகித்திருக்கிறது, ஆகவே பாராட்டலாம். சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று யோசி என்றுதான் ஆசிரியப் பயிற்சியிலேயே கற்பித்தார்கள். அதே பிள்ளையிடம் படமில்லாத அட்டையில் ‘பாண்ட்’ என்று, குளத்தைக் குறிக்கும் சொல்லை எழுதிக் காட்டினால் ‘போனி’ என்கிறது. சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்க்கிறது. முதல் மூன்று எழுத்துகளும் ஒன்றாக இருப்பதால் வந்த ஊகம் அது. படங்கள் குறையும் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் இந்த ஊகம் கைகொடுப்பதில்லை.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதும் இல்லை. நாடாளுமன்றத்தின் கோரிக்கையின்பேரில் அமைந்த தேசிய வாசிப்புக் குழு, ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தோடு ஒலியை முறையாக இணைக்கும் ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தையும் 2000-த்திலேயே வலியுறுத்தியது. என் மேசையில் இது மிக எளிய வேலையாகத் தொடங்குகிறது: மூன்று கட்டங்கள் வரைந்த தாள், மூன்று வில்லைகள். ‘ஷிப்’ என்று நான் சொன்னதும், ஷ், இ, ப் என்று ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வில்லையைப் பிள்ளை கட்டத்துக்குள் நகர்த்துகிறது. பிறகு முதல் கட்டத்தில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஓர் ஒலியைத் தருவதை எழுதிப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது. இதை வரிசையாகக் கற்றுத்தராமல், புத்தகங்கள் சூழ இருந்தால் தானாகவே வந்துவிடும் என்று விட்டால், சில பிள்ளைகளுக்கு வரும், பல பிள்ளைகளுக்கு வராது.

இதை ஒரு மாநிலம் முழுவதும் செய்து காட்டியது மிசிசிப்பி. நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று அது. 2000-த்தில் தொழிலதிபர் ஜிம் பார்க்ஸ்டேல் வாசிப்புக்காக 100 மில்லியன் டாலர் வழங்கியதிலிருந்தே அங்கு அடித்தளம் இடப்பட்டு வந்தது. 2013-இல் வாசிப்பை அடிப்படையாகக் கொண்ட தேர்ச்சிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மாநிலக் கல்வித் தலைமைக்கு வந்த கேரி ரைட் 2022 வரை பொறுப்பில் இருந்தார். மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை ஆண்டுக்கு மூன்று முறை பிள்ளைகளைச் சோதித்தார்கள். பின்தங்கும் பிள்ளைக்குத் தனித் திட்டம் வகுத்துப் பெற்றோருக்குத் தெரிவித்தார்கள். மாநில அரசே சம்பளம் கொடுத்து, மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. அவர்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்து, ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்தினார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்புத் தேர்வில் தேறாதவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, அதே வகுப்பில் நிறுத்தப்பட்டார்கள். நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-இல் மாநிலங்களுக்குள் 49-ஆவது இடத்தில் இருந்த மிசிசிப்பி, 2019-இல் தேசியச் சராசரியைத் தொட்டது. 2024-இல் ஒன்பதாவது இடத்துக்கு வந்தது. இந்தத் திட்டத்துக்கு மாநிலம் ஒதுக்கியது ஆண்டுக்குச் சுமார் 15 மில்லியன் டாலர்தான்.

இதை அதிசயம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளை வகுப்பில் நிறுத்திவைப்பது நான்காம் வகுப்பு மதிப்பெண்ணைச் செயற்கையாக உயர்த்துகிறதா என்ற விவாதம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் மிசிசிப்பி இன்னும் தேசியச் சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது. எழுத்தைக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு அறிவியலும் வரலாறும் சொல்வளமும் தொடர்ந்து கிடைக்காவிட்டால் முன்னேற்றம் அங்கேயே தேங்கிவிடும். இருந்தாலும், ஒரே திசையில் பத்தாண்டுகள் நடந்த பொறுமை வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதில்லை. நிறைய மாவட்டங்களில் ஒரு கண்காணிப்பாளர் பாடத்திட்டம் வாங்குகிறார். ஆசிரியர்களுக்கு ஓரிரு நாள் பயிற்சி நடக்கிறது. மூன்றாம் ஆண்டு அவர் வேறு மாவட்டத்துக்குப் போகிறார். வருகிறவர் வேறொரு பாடத்திட்டத்தோடு வருகிறார். பெட்டி பிரிக்கப்படாத ஆசிரியர் கையேடுகளை இருப்பறையில் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. பெருந்தொற்று நிவாரணமாகப் பள்ளிகளுக்கு வந்த ஏறத்தாழ 190 பில்லியன் டாலரில் பல மாவட்டங்கள் வாசிப்புப் பயிற்றுநர்களை அமர்த்தின; 2024 செப்டம்பரோடு அந்த நிதியை ஒதுக்குவதற்கான கெடு முடிந்ததும், செலவைக் குறைக்கும் பட்டியலில் இடம்பிடித்தவை அத்தகைய பணியிடங்கள்தான்.

நம் வீடுகளுக்கு வருகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் ‘ஆங்கிலம்’ என்று மட்டும் எழுதும் பெற்றோர் பலர். உண்மையை எழுதுங்கள். ஆங்கிலத்தில் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதை அளிக்க வேண்டியது பள்ளியின் கடமை என்று 1974-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் தமிழ் பேசுவதால் வாசிப்பு கெடாது. தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லும் அறிவுரையை ஏற்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலையும் பார்க்கிறேன். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்கான அறிகுறிகள் தெளிவாக இருக்கும் பிள்ளையை, இரண்டு மொழி கலப்பதால் வந்த தாமதம் என்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள். காத்திருக்க வேண்டியதில்லை. முழுமையான மதிப்பீடு வேண்டும் என்று தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள்; வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று இருக்காது. நீங்கள் ஒப்புதல் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள், அல்லது உங்கள் மாநிலம் வகுத்த காலவரம்புக்குள், மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். கட்டணமும் இல்லை.

பிள்ளை தடுமாறினால் டியூஷனுக்கு அனுப்பிச் சமாளிப்பது நம்மிடையே வழக்கம். அது உங்கள் பிள்ளைக்கு உதவலாம். ஆனால் அப்படித் தேறும் பிள்ளைகளின் மதிப்பெண் பள்ளியின் கணக்கில் சேர்ந்து, கற்பிக்கும் முறையில் உள்ள குறையை மூடிவிடுகிறது. டியூஷன் கட்டணம் கட்ட முடியாத பக்கத்து மேசைப் பிள்ளைக்கு அந்தக் குறை அப்படியே மிஞ்சுகிறது. அதனால்தான் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் போகச் சொல்கிறேன். குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் வாரியத் தேர்தலில் வாக்கு இல்லை. சான் பிரான்சிஸ்கோ போன்ற சில இடங்களில் பெற்றோர் என்ற முறையில் உண்டு. பேசுவதற்கோ விசா நிலை தடையில்லை. பெயர் எழுதிக் கொடுத்தால் இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவார்கள். பாடத்திட்டம் வாங்கும் தீர்மானம், விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் ஓர் எண்ணாக வந்து போய்விடுவதுண்டு; நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிடுவார்கள், அதைத் திறந்து பாருங்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் எந்தப் பாடத்திட்டத்தைக் கொண்டு வாசிப்பு கற்பிக்கிறீர்கள்? ஆசிரியர்களில் எத்தனை பேர் அதில் முழுப் பயிற்சி முடித்திருக்கிறார்கள்? ஆண்டுக்கு எத்தனை முறை சோதிக்கிறீர்கள், பின்தங்கும் பிள்ளைக்கு எத்தனை வாரத்தில் உதவி தொடங்குகிறது? அடுத்த ஆண்டும் வாசிப்புப் பயிற்றுநர் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு விடை வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், வரைவு வசந்த காலத்திலேயே வாரியத்தின் முன் வைக்கப்படும். பணியிடங்கள் நீக்கப்படுவதும் தப்புவதும் அந்தக் கூட்டங்களில்தான்.