சளியே இல்லை, அப்புறம் எப்படி டி.பி.?

போன வாரம் வந்த பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை விலக்கினால், வலப்பக்கம் நீர் கசிகிற ஒரு புண். எட்டு மாதத்துக்கு முன்பு வலியே இல்லாத சின்ன நெறிக்கட்டாக ஆரம்பித்திருக்கிறது. மூன்று இடங்களில் மூன்று விதமான ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் யாரோ சீழ்க்கட்டி என்று கீறிவிட்டார்கள். கீறிய இடம் நான்கு மாதமாக ஆறவில்லை.

டி.பி.யாக இருக்கலாம் என்றேன். "இருமலே கிடையாதே சார், சளி டெஸ்ட் கூட நெகட்டிவ்தான்" என்றார் கணவர். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சளிப் பரிசோதனை நுரையீரலைப் பற்றி மட்டும்தான் பேசும். கழுத்து நெறியில் இருக்கும் கிருமி சளியில் எப்படி வரும்? மூச்சு வழியாக உள்ளே போன கிருமி ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி எங்கே வேண்டுமானாலும் தங்கும். முடியையும் நகத்தையும் விட்டுவிடுங்கள், மற்ற எந்த உறுப்பிலும் டி.பி. வரலாம். நம் நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு நோயாளிக்கு நுரையீரலுக்கு வெளியேதான் நோய். அதில் நெறிக்கட்டுதான் அதிகம். நம் பெரியவர்கள் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். நுரையீரல் டி.பி.யிலேயே கூட ஒரு நெகட்டிவ் முடிவான பதில் ஆகாது. மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் 5,000 கிருமிகளுக்கு மேல் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது எல்லாம் போஸ்டரில் படித்திருப்பீர்கள். நுரையீரலுக்கு வெளியே வரும் டி.பி.யில் இவை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். விலாவில் நீர் கோத்து மூச்சு வாங்கும். வயிறு உப்பும், அடிக்கடி வலிக்கும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கும், ஆனால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றும் வளராது. வாரக்கணக்கில் தலைவலியும் காய்ச்சலும் இருந்து, வாந்தியும் பேச்சில் குழப்பமும் சேர்ந்தால் மூளை உறை டி.பி.யாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

எனக்கு அதிக வருத்தம் தருவது முதுகுத்தண்டு டி.பி.தான். மலைக்குப் போகிறவர்களுக்கு முதுகு வலித்தால் ஜீப் குலுக்கல், மூட்டை தூக்கியது என்று எல்லாருக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. மாதக்கணக்கில் வலி ஊசி போடுகிறார்கள். கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் ஆன பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். படுத்தாலும் விடாத, ராத்திரியில் அதிகமாகிற முதுகுவலி ஜீப்பால் வந்தது இல்லை ஐயா. படம் எடுத்துப் பாருங்கள்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான்: நோய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும். நெறியில் ஊசி போட்டு உறிஞ்சி, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் (CBNAAT) பரிசோதனைக்கு அனுப்பினால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று இரண்டும் தெரியும். ஊசியில் வராவிட்டால் விட்டுவிடக் கூடாது, நெறியையே எடுத்துப் பார்க்க வேண்டும். அறுவை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்த துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். அதில் கிருமி செத்துப்போகும், கல்ச்சருக்கு வழியே இருக்காது. ஒரு துண்டைச் சலைனில் போட்டு அனுப்புங்கள். அப்புறம், ரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்ட்டை அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் பணத்தை வீணாக்காதீர்கள்.

மெடிக்கலில் நீங்களாக லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கி விழுங்கவும் வேண்டாம். அது டி.பி.யைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், நமக்குக் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

நெறிக்கட்டுக்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை. எலும்புக்கும் மூளைக்கும் ஒரு வருடம் வரை ஆகலாம். நடுவில் நெறி கொஞ்சம் பெரிதாகலாம், புதிதாக ஒன்று வரலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களே நிறுத்தாதீர்கள், வந்து காட்டுங்கள். மலையிலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் 'இங்கே பாதி, அங்கே பாதி' என்று பயப்பட வேண்டாம். டி.பி. நோயாளிக்கு அரசு பதிவில் கொடுக்கும் நிக்ஷய் எண் நாடு முழுக்க ஒன்றுதான், கேரளப் பக்கம் குமுளியிலும் மருந்து இலவசமாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

அந்தப் பெண்ணுக்கு சிபிநாட் பாசிட்டிவ், மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ரிசல்ட் வாங்க வந்த அன்று அவர் மெதுவாகக் கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்ல தட்டு, டம்ளரெல்லாம் தனியா வச்சுட்டாங்க சார். பிள்ளையைத் தூக்கலாமா?" தூக்கலாம் அம்மா. நெறியில் இருப்பது இருமலில் பரவாது. தட்டால் எந்த டி.பி.யும் பரவாது. நாளைக்கு மாமியாரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எல்லாருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, அவர்களிடம் நானே சொல்கிறேன்.